அமெரிக்க பாஸ்போர்ட்டோடு ஊரில் இருந்தால் வரி எப்படி வரும்?

"சிட்டிசன்ஷிப் வாங்கிவிடலாம், ஓசிஐ கார்டு எடுத்துக்கொள்ளலாம், பிள்ளைகள் காலேஜ் போனதும் ஊர்ப்பக்கம் போய் செட்டிலாகிவிடலாம்" என்பது நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் இருக்கும் நம்மவர்கள் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு (ஓசிஐ என்பது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினர் இந்தியாவில் வசிக்க உதவும் அட்டை). விசா, பயணம், பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாவற்றையும் அலசி ஆராய்வார்கள், வரி என்று வந்தால் மட்டும், இரண்டு நாட்டு வரி ஒப்பந்தத்தை நினைத்து, "அதான் ட்ரீட்டி இருக்கே, ரெண்டு தடவை கட்ட வேண்டாம்" என்று ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் சரிதான். ஆனால் ஊருக்குத் திரும்புகிறவர் சம்பளத்தில் மட்டுமா வாழப்போகிறார்? மியூச்சுவல் ஃபண்ட் போடுவார், வீடு வாங்குவார், தம்பியோடு சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பிப்பார், அம்மாவின் பேங்க் கணக்கில் பெயர் சேர்ப்பார். சிக்கல் எல்லாம் அங்கேதான் இருக்கிறது, அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் குடியுரிமை வாங்குவது தப்பு என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அடிப்படை. உலகத்தில் ஏறக்குறைய எல்லா நாடுகளும் நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் வரி போடுகின்றன. இந்தியக் குடிமகன் துபாயில் வேலை பார்த்தால் அந்தச் சம்பளத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. அமெரிக்கா குடியுரிமையைப் பார்க்கிறது. எங்கே பிறந்து, எங்கே வளர்ந்து, எங்கே சம்பாதித்தாலும், அமெரிக்கக் குடிமகன் என்றால் உலக வருமானம் முழுவதையும் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். இப்படி வெளிநாட்டில் இருக்கும் தன் மக்களிடம் வரி கேட்கும் இன்னொரு நாடு எரித்ரியா, அதுவும் 2 சதவீதம்தான். அமெரிக்காவில் இந்தப் பழக்கம் 1860-களில் உள்நாட்டுப் போருக்குப் பணம் திரட்டப் போட்ட வருமான வரிச் சட்டங்களிலேயே தொடங்கிவிட்டது. மெக்சிகோ சிட்டியில் குடியிருந்த குக் என்ற அமெரிக்கர், தன் சொத்தும் மெக்சிகோவில், தானும் மெக்சிகோவில், எதற்கு வரி என்று வழக்குப் போட்டார். 1924-ல் உச்ச நீதிமன்றம், குடிமகனுக்கு எங்கிருந்தாலும் அரசாங்கத்தின் பாதுகாப்பும் பலனும் கிடைக்கிறது, ஆகவே வரி போடலாம் என்று தீர்ப்புச் சொன்னது. நூறு வருஷம் ஆகியும் அந்தத் தீர்ப்பு அசையவில்லை.

சம்பளத்துக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்ததில் ஒரு வரம்பு வரை வரியிலிருந்து விலக்கிக்கொள்ளலாம், 2025 வருமானத்துக்கு அந்த வரம்பு 1,30,000 டாலர். பன்னிரண்டு மாதத்தில் 330 நாள் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும், அல்லது அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்று காட்ட வேண்டும். இன்னொன்று, அந்த நாட்டில் கட்டிய வரியை அமெரிக்க வரியில் கழித்துக்கொள்வது. சென்னையில் நல்ல சம்பளத்தில் இருக்கும் ஒருவர் 30 சதவீத அடுக்கில் இந்திய வரி கட்டுகிறார் என்றால் அமெரிக்காவுக்குக் கொடுக்க பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. அதனால்தான் "ஒரு டாலர்கூடக் கட்டவில்லை" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த விலக்கு உழைப்பு வருமானத்துக்கு மட்டும். வட்டி, வாடகை, டிவிடெண்ட், பென்ஷன், சொத்து விற்ற லாபம் எதுவும் அதில் வராது.

ட்ரீட்டி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் முதல் பிரிவிலேயே, இந்த ஒப்பந்தம் இல்லாத மாதிரி நினைத்துத் தன் குடிமக்களுக்கு வரி போடும் உரிமையை அமெரிக்கா தனக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு, கட்டிய வரியைக் கழிக்கும் ஏற்பாடும் உண்டு. ஆனால் "நான் இந்தியாவில் வசிப்பவன், எனக்கு இந்திய விதிதான்" என்று குடிமகன் அந்த ஒப்பந்தத்தைக் காட்டித் தப்ப முடியாது.

சரி, பிரச்சினை எங்கே? இந்தியாவில் வரி இல்லாதது அமெரிக்காவில் வரிக்கு உட்பட்டது, இதுதான் வேர். இங்கே வரியே கட்டாதபோது கழித்துக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. தஞ்சாவூர்ப் பக்கம் நாலு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வருகிற பணம் இந்தியாவில் விவசாய வருமானம், வரி கிடையாது. அமெரிக்காவுக்கு அது வாடகை, கணக்கில் காட்ட வேண்டும். பிபிஎஃப் வட்டி இங்கே முழுக்க விலக்கு, அங்கே சாதாரண வட்டி. எல்ஐசி பிரீமியம் கட்டினால் வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கட்டியது என்று 1 சதவீதம் தனி வரி இருக்கிறது, இது பலருக்குத் தெரியவே தெரியாது.

இந்த வேர் எவ்வளவு ஆழம் என்பதற்குப் பெரிய இடத்து உதாரணம் போரிஸ் ஜான்சன். நியூயார்க்கில் 1964-ல் பிறந்தவர், சின்னப் பையனாக இருக்கும்போதே அமெரிக்காவை விட்டுக் கிளம்பிவிட்டார். லண்டன் மேயராக இருந்த காலத்தில், லண்டனில் இருந்த தன் வீட்டை விற்ற லாபத்துக்கு அமெரிக்க வரித்துறை வரி கேட்டது. குடியிருந்த வீட்டை விற்றால் பிரிட்டனில் வரி இல்லை, அமெரிக்காவில் 2,50,000 டாலர் லாபம் வரைதான் விலக்கு. முதலில் கட்ட மாட்டேன் என்றார், கடைசியில் கட்டினார், 2016-ல் குடியுரிமையையும் துறந்தார். லண்டன் மேயருக்கே அந்த நிலை.

வீட்டுக் கடனிலும் ஒரு விஷயம் இருக்கிறது, முதலில் கேட்கிறவர்கள் நம்பவே மாட்டார்கள். அமெரிக்கச் சட்டத்துக்கு எல்லாமே டாலர்தான். ஒருவர் டாலர் 60 ரூபாயாக இருந்தபோது ஒரு கோடி ரூபாய் வீட்டுக் கடன் வாங்குகிறார், அது 1,66,667 டாலர். டாலர் 85 ஆனபோது, கணக்கு எளிதாக இருக்க அசல் முழுவதையும் அப்போதுதான் அடைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம், அதற்கு 1,17,647 டாலர் போதும். இடையில் இருக்கும் 49,020 டாலர் அவருக்கு வந்த லாபம் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. கையில் ஒரு பைசா வரவில்லை, வாங்கிய அதே கோடி ரூபாயைத்தான் திருப்பிக் கொடுத்தார், இந்தியாவில் அதற்கு வரியும் இல்லை. ஆனாலும் சம்பளத்துக்குப் போடுகிற அதே வீதத்தில் அங்கே வரி. ரூபாய் ஏறி அவருக்கு நஷ்டம் வந்திருந்தால்? சொந்த வீடு என்பதால் அந்த நஷ்டத்தைக் கழிக்க முடியாது.

மியூச்சுவல் ஃபண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் ஊர் திரும்பியதும் எல்லாரும் முதலில் செய்வது எஸ்ஐபி போடுவதுதான். அமெரிக்கர்கள் வெளிநாட்டு ஃபண்டுகளில் பணத்தைப் போட்டு வரியைத் தள்ளிப்போடுவதைத் தடுக்க 1986-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். பிஎஃப்ஐசி என்று அதற்குப் பெயர். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் வருமானம் பெரும்பாலும் முதலீட்டிலிருந்தே வருகிறதென்றால் அது இந்த வகை. இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளை இதில்தான் சேர்க்கிறார்கள், இன்ஷூரன்ஸும் முதலீடும் சேர்ந்த யூலிப்பின் உள்ளே இருக்கும் ஃபண்டுகளுக்கும் இதே தொல்லை வரும். பத்து லட்சம் போட்டு பத்து வருஷத்தில் முப்பது லட்சம் ஆனது, விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் இப்போதைய விதிப்படி முதல் 1.25 லட்சம் லாபம் போக மீதிக்கு 12.5 சதவீதம், சுமார் 2.34 லட்சம், முடிந்தது. அமெரிக்கா என்ன செய்யும் என்றால், அந்த 20 லட்சம் லாபத்தைப் பத்து வருஷத்துக்கும் சமமாகப் பிரிக்கும், ஒவ்வொரு கடந்த வருஷத்துப் பங்குக்கும் அந்த வருஷத்தின் உச்சபட்ச வீதத்தில் வரி போடும் (இப்போது 37 சதவீதம்), அவர் உண்மையில் இருந்த அடுக்கு 12 சதவீதமாக இருந்தாலும் அதைப் பார்க்காது, அப்புறம் அத்தனை வருஷமும் வரியை நிறுத்தி வைத்தாய் என்று ஒவ்வொரு பங்குக்கும் வட்டி வேறு போடும். ரூபாய் மதிப்பு மாறியதை ஒதுக்கிவைத்துப் பார்த்தால் வரி மட்டுமே 7 லட்சத்தைத் தொடும், வட்டி தனி. இந்தியாவில் கட்டியதில் கழித்துக்கொள்ள வழி உண்டு என்றாலும் இடைவெளி பெரியது. இது போதாதென்று ஒவ்வொரு ஃபண்டுக்கும் ஒவ்வொரு வருஷமும் 8621 என்ற படிவம். மொத்த மதிப்பு 25,000 டாலருக்குள் இருந்து, விற்காமலும் இருந்தால் அந்தப் படிவத்திலிருந்து விலக்கு கிடைக்கலாம். ஆறு ஃபண்டு வைத்திருப்பவருக்கு ஆறு படிவம், அதற்கு ஆடிட்டர் கேட்கும் கட்டணம் சில சமயம் ஃபண்டு கொடுத்த லாபத்தையே தாண்டும். வருஷக் கடைசி மதிப்பை வைத்து, விற்காத லாபத்துக்கும் அவ்வப்போது வரி கட்டிவிடும் வழி ஒன்று இருக்கிறது, முதல் வருஷத்திலேயே அதைத் தேர்ந்தெடுத்தால்தான் உருப்படியான பலன். என்னைக் கேட்டால், அமெரிக்கக் குடிமகன் இந்திய மியூச்சுவல் ஃபண்டைத் தொடவே கூடாது. நேரடியாக நல்ல கம்பெனிகளின் பங்கு வாங்கினால் பொதுவாக இந்த விதியில் வராது.

தொழில் செய்கிறவர்களுக்கு வருவோம். கோயம்புத்தூரில் உட்கார்ந்து ஃப்ரீலான்ஸ் வேலை பார்த்து 30,000 டாலர் சம்பாதிக்கும் அமெரிக்கக் குடிமகனுக்கு, மேலே சொன்ன விலக்கினால் வருமான வரி பூஜ்யம். ஆனால் சுயதொழில் வரி என்று 15.3 சதவீதம், சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்குமாக, தனியாக வரும். இந்தக் கணக்கில் சுமார் 4,200 டாலர். அந்த விலக்கு இதற்குச் செல்லாது, இந்தியாவில் கட்டிய வருமான வரியையும் இதில் கழிக்க முடியாது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளோடு இதைத் தவிர்க்க அமெரிக்கா ஒப்பந்தம் வைத்திருக்கிறது, இந்தியாவோடு இல்லை. சிங்கப்பூரோடும் இல்லை, எமிரேட்ஸோடும் இல்லை. மெடிகேருக்கு இங்கிருந்து கட்டுகிறார், ஆனால் மெடிகேர் இந்திய ஆஸ்பத்திரிக்குப் பணம் தராது, இது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

கம்பெனி ஆரம்பித்தால் இன்னும் மோசம். வெளிநாட்டுக் கம்பெனியில் 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தால் பல சூழ்நிலைகளில் 5471 படிவம் போட வேண்டும், போடாவிட்டால் ஆண்டுக்கு 10,000 டாலர் அபராதத்தில் ஆரம்பிக்கும். லாபத்தைக் கையில் எடுக்காவிட்டாலும் வரி வரலாம் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. சிறு விவசாயிகளுக்குக் கருவிகள் விற்கும் பெங்களூரு கிசான்கிராஃப்ட் கம்பெனியில் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த மூர் தம்பதி 40,000 டாலர் போட்டிருந்தார்கள். கம்பெனி லாபத்தை முழுக்க வியாபாரத்திலேயே போட்டுவந்தது, அவர்களுக்கு டிவிடெண்ட் வந்ததே இல்லை. 2017-ல் வந்த சட்டம், வெளிநாட்டுக் கம்பெனிகளில் பழைய வருஷங்களில் சேர்ந்திருந்த லாபத்துக்கு ஒரே ஒருமுறை வரி என்று சொல்லி அவர்களிடம் ஏறக்குறைய 15,000 டாலர் வாங்கியது. உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2024 ஜூனில் தோற்றார்கள்.

இதுவரை சொன்னது வரி. பணம் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாத நேரத்திலும் தூக்கத்தைக் கெடுப்பது கணக்கு ஒப்பிப்பதுதான். வெளிநாட்டில் இருக்கும் எல்லாக் கணக்குகளையும் கூட்டி, வருஷத்தில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் என்ற அறிக்கையைப் போட வேண்டும். 1970-ல் கறுப்புப் பணத்துக்காகக் கொண்டுவந்த சட்டத்தின் கீழ் வருவது, அந்த 10,000 ரொம்ப காலமாக அப்படியே நிற்கிறது. இன்றைக்கு அது சுமார் ஒன்பது லட்ச ரூபாய், ஒரு சாதாரண ஃபிக்ஸட் டெபாசிட். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அவசரத்துக்குப் பணம் எடுக்கணும் என்று மகன் பெயரையும் சேர்த்து "ஐதர் ஆர் சர்வைவர்" கணக்காக மாற்றுவது நம் வீடுகளில் சகஜம். பணம் முழுக்க அம்மாவுடையது, மகன் அதைத் தொட்டதே இல்லை. இருந்தாலும் மகன் அமெரிக்கக் குடிமகன் என்றால் அந்தக் கணக்கு அவருடைய எஃப்பாரில் வர வேண்டும், கையெழுத்துப் போடும் அதிகாரம் இருந்தாலே போதும்.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிட்னர் வழக்கு. ருமேனியாவில் பிறந்து அமெரிக்கக் குடிமகனான பிட்னர், 1990-ல் ருமேனியா திரும்பி பெரிய தொழிலதிபர் ஆனார். இப்படி ஒரு அறிக்கை உண்டு என்றே தெரியாமல் ஐந்து வருஷம் போடவில்லை. வரித்துறை அத்தனை வருஷத்துக் கணக்குகளையும் ஒவ்வொன்றாக எண்ணி, 272-க்குத் தலா 10,000 வீதம் 27.2 லட்சம் டாலர் அபராதம் போட்டது. வேண்டுமென்று மறைத்தார் என்றுகூட வரித்துறை சொல்லவில்லை. 2023-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், கணக்குக்கு ஒன்று இல்லை, அறிக்கைக்கு ஒன்று என்று சொல்லி 50,000 டாலராகக் குறைத்தது. ஒரே ஒரு நீதிபதியின் ஓட்டில் தப்பினார். வேண்டுமென்றே மறைத்ததாக முடிவானால் கணக்கில் இருக்கும் பணத்தில் பாதி வரை போகலாம்.

அதோடு 2010-ல் வந்த ஃபாட்கா சட்டம் வங்கிகளையே அமெரிக்காவுக்குத் தகவல் சொல்லவைத்தது. இந்தியா அதற்கான ஒப்பந்தத்தில் 2015 ஜூலையில் கையெழுத்திட்டது, அதன் பிறகுதான் இங்கே எந்தக் கணக்கு திறந்தாலும் பிறந்த நாடு எது, வேறு நாட்டு வரிக் குடியிருப்பு உண்டா என்று கேட்கிறார்கள். அதே காரணத்தால் பல இந்திய ஃபண்டு நிறுவனங்கள் அமெரிக்காவோடு தொடர்புடையவர்களின் பணமே வேண்டாம் என்கின்றன, ஐரோப்பாவில் எத்தனையோ பேரின் வங்கிக் கணக்கை மூடியே விட்டார்கள். கோயம்புத்தூர் வீட்டை விற்று அப்பா அன்போடு ஒரு கோடி அனுப்பினால் அதற்கும் வரி இல்லை, ஆனால் வருஷத்தில் 1,00,000 டாலரைத் தாண்டினால் 3520 படிவம், மறந்தால் மாதம் 5 சதவீதம் என்று 25 சதவீதம் வரை அபராதம். 2024-ல்தான் இந்த அபராதத்தைக் காரணம் கேட்காமல் தானாகப் போடுவதை நிறுத்துவதாக வரித்துறை அறிவித்தது.

அமெரிக்காவில் பிறந்துவிட்டு இரண்டு வயதில் மதுரைக்கு வந்துவிட்ட பிள்ளைகளுக்கும் இது அத்தனையும் பொருந்தும். அவர்களுடைய தாத்தாவுக்கு இது புரியாது, அப்பாவுக்கும் பல நேரம் புரியாது. சென்னையில் 12 லட்சம் சம்பாதிக்கும்வரை, கல்யாணம் ஆகாதவர் என்றால், ரிட்டர்ன் போட வேண்டிய வருமான வரம்பான 15,750 டாலருக்குள் (2025 கணக்கு) அடங்கிவிடும், ரிட்டர்ன் தேவைப்படாமல் போகலாம். ஆனால் அமெரிக்கர் அல்லாதவரைக் கல்யாணம் செய்து தனியாகக் கணக்குக் காட்டும் நிலை வந்தால் அந்த வரம்பு வெறும் 5 டாலர் ஆகிவிடும்.

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. முக்கியமானது வாரிசு வரி. க்ரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இந்தியாவில் வாழ்பவர், அமெரிக்கப் பங்குகளும் 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புமாக அங்கே வைத்திருந்து இறந்துபோனால், 60,000 டாலருக்கு மேல் இருப்பதற்கு 40 சதவீதம் வரை அமெரிக்கா வரி எடுக்கும், இதைத் தவிர்க்க இந்தியாவோடு ஒப்பந்தமும் இல்லை. குடிமகனுக்கு அந்த வரம்பு 2026-ல் 1.5 கோடி டாலர். பத்து இருபது வருஷம் அங்கே சேர்த்த பணத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊரில் வாழ நினைப்பவருக்கு இது ஒன்றே குடியுரிமைப் பக்கம் தராசைச் சாய்த்துவிடும். அப்புறம், பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்களாக இருந்து, சம்பள விலக்கை எடுக்காமல் இந்திய வரியைக் கழிக்கும் வழியில் போனால், பிள்ளைக்கு 1,700 டாலர் வரை அமெரிக்காவிடமிருந்தே திரும்ப வாங்கக்கூட வாய்ப்பு உண்டு. க்ரீன் கார்டு போல நீண்ட நாள் வெளியே இருந்தால் பறிபோய்விடுமோ என்ற பயமும் இல்லை.

"அப்ப க்ரீன் கார்டோடு நின்றுகொள்கிறேன்" என்பவர்களுக்கு ஒன்று. கார்டு காலாவதியானால் வரிக் கடமை தானாகப் போய்விடாது, ஐ-407 படிவம் கொடுத்து முறைப்படி விட வேண்டும். பதினைந்து வருஷத்தில் எட்டு வருஷம் கார்டு வைத்திருந்தால் வெளியேறும்போது, கீழே சொல்லப்போகும் வரிக்கு, குடிமகனைப் போலவே நடத்துவார்கள், அதில் வருஷத்தின் ஒரு நாள்கூட ஒரு வருஷமாக எண்ணப்படும். ஊர் திரும்புவது நிச்சயம் என்றால் அந்த எட்டுக்கு முன்னால் முடிவெடுப்பதுதான் நல்லது.

குடியுரிமையைத் துறப்பது கடைசி வழி, நம்மவர்களுக்கு அது மற்றவர்களைவிடக் கஷ்டம். ஓசிஐ என்பது குடியுரிமை இல்லை, இன்னொரு குடியுரிமை கையில் இல்லாமல் துறந்தால் நாடற்றவர் ஆகிவிடுவார். இந்தியக் குடியுரிமையைத் திரும்பப் பெற ஓசிஐ எடுத்து ஐந்து வருஷமும், விண்ணப்பத்துக்கு முன் இந்தியாவில் ஒரு வருஷ வாசமும் வேண்டும். அமெரிக்கக் குடியுரிமையைத் துறப்பதற்கான தூதரகக் கட்டணம் 2014-ல் 450 டாலரிலிருந்து 2,350 ஆனது, அதைப் பழையபடி 450 ஆக்கலாம் என்று 2023-ல் அமெரிக்க வெளியுறவுத் துறையே முன்மொழிந்தது. கட்டணம் சின்ன விஷயம். நிகரச் சொத்து 20 லட்சம் டாலரைத் தாண்டினாலோ, ஐந்து வருஷச் சராசரி வரி 2,06,000 டாலரைத் தாண்டினாலோ (2025 கணக்கு), கடந்த ஐந்து வருஷமும் எல்லாம் ஒழுங்காகத் தாக்கல் செய்தேன் என்று உறுதி கொடுக்க முடியாவிட்டாலோ, எல்லாச் சொத்தையும் முந்தின நாளே விற்றதாக வைத்து 8,90,000 டாலருக்கு மேற்பட்ட லாபத்துக்கு வரி உண்டு. அடையாறில் ஒரு வீடு, அமெரிக்காவில் இருக்கும் ஓய்வுக்காலச் சேமிப்பு, இரண்டையும் கூட்டினால் அந்த 20 லட்சம் சிலருக்குத் தூரமில்லை. அப்படி வெளியேறியவர் பின்னால் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்குச் சொத்துக் கொடுத்தால் வாங்குகிற பிள்ளை 40 சதவீதம் கட்ட வேண்டும்.

சட்டம் மாறுமா என்று கேட்டால், 2024 தேர்தல் நேரத்தில் வெளிநாட்டு அமெரிக்கர்களின் இரட்டை வரியை ஒழிப்பதாக ட்ரம்ப் சொன்னார், அந்த டிசம்பரில் டேரின் லஹுட் என்ற காங்கிரஸ் உறுப்பினர் ஒரு மசோதாவும் கொண்டுவந்தார். அதை நம்பி யாரும் திட்டம் போட வேண்டாம் என்பேன். இதுவரை எதுவும் தாக்கல் செய்யாமல் ஊரில் இருப்பவர்கள் பயந்துபோய் ஒதுங்கவும் வேண்டாம். தெரியாமல் விட்டவர்களுக்கு வரித்துறை ஒரு சலுகை வழி வைத்திருக்கிறது, மூன்று வருஷ ரிட்டர்ன், ஆறு வருஷ எஃப்பார், ஏன் விட்டுப்போனது என்று ஒரு விளக்கக் கடிதம், வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அபராதம் இல்லை. அவர்களாகக் கண்டுபிடித்து விசாரணை தொடங்கிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும், ஆகவே இந்தியக் கணக்கும் அமெரிக்கக் கணக்கும் இரண்டும் தெரிந்த ஆடிட்டராகத் தேடிப் பிடித்து இந்த வருஷமே தொடங்கிவிடுங்கள், இங்கே வருஷம் ஏப்ரலில் ஆரம்பிக்கிறது, அங்கே ஜனவரியில், பேங்க் ஸ்டேட்மெண்டுகளை அந்தக் கணக்குப்படி மாதவாரியாக எடுத்து வைத்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.